நகைப் பட்டறையிலிருந்து ராடார் வரை போனவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

பாயான் லெபாஸ் தம்பி:
எங்கள் சிப் தொழிற்சாலையில் நான் பழுது ஆய்வுப் பிரிவு. ராடார் கருவி செய்யும் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார், இப்போது பாதுகாப்புத் துறை இன்ஜினியர். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பாவின் நகைப் பட்டறையில் ஊதுகுழல் பிடித்து வளர்ந்தவர். பழுதாகித் திரும்பி வந்த சிப்பைத் திறந்து மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்தேன். 25 மைக்ரான் தங்கக் கம்பி, அலுமினியத்தில் ஒட்டிய இடத்தில் ஊதா நிறம். பர்ப்பிள் பிளேக்தான், அதாவது சூடு அதிகமானால் தங்கமும் அலுமினியமும் கலந்து உண்டாகி இணைப்பைக் கெடுக்கும் ஊதாக் கலவை; இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இதை நாங்கள் மோதிரத்தில் பதிப்போம் தம்பி" என்றார். ஊதாத் தங்கம்! ஏறக்குறைய 79 சதவீதம் தங்கம், மீதி அலுமினியம். வளைக்க முடியாது, சுத்தியல் பட்டால் கண்ணாடி மாதிரி உடையும், அதனால் கல்லைப் போலப் பட்டை தீட்டித்தான் வைப்பார்களாம். அடுத்த கேள்வி, "எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் சூடு காட்டினீர்கள்?" எங்கள் ஆட்கள் அதுவரை கம்பியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுப்புப் பதிவேட்டை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை. இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

செந்தூல்வாசி:
தம்பி, ஓர் அக்காவை வைத்து வழி திறந்திருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் மாமா பையன் மஸ்ஜித் இந்தியா பக்கம் பத்தர் வேலை. விமான உதிரிப் பாகம் செய்யும் இடத்தில் இன்டர்வியூ. தான் மெழுகில் செதுக்கி வார்த்த மோதிரத்தை மேசையில் வைத்தான். ஜெட் இன்ஜின் டர்பைன் தகட்டை வார்ப்பதும் அதே மெழுகு முறைதானே! அந்த மனிதர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், அப்புறம் "டிகிரி?" என்றார். அவ்வளவுதான். கை வேலைக்கு இந்த ஊரில் மதிப்பு இல்லை.

செபராங் பிறை அக்கா:
மதிப்பு இல்லை என்று சொல்லாதீர்கள் அண்ணே. கோலாலம்பூர் டிஎஸ்ஏ பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியில் முன்னாள் நகைத் தொழிலாளி ஒருவர் சென்சார் மாதிரியைப் பிரித்துக் காட்டியதை நானே பார்த்தேன். சாமணம் பிடித்த விரல் கொஞ்சமும் ஆடவில்லை. ஆனால் சான்றிதழ்த் தாள் வேண்டும். பையனை எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை முடிக்கச் சொல்லுங்கள், பிறகு டிகேஎம் என்ற திறன் டிப்ளோமா. மலாக்கா யூடிஇஎம், பெர்லிஸ் யூனிமேப் மாதிரி பல்கலைக்கழகங்களில் விசாரிக்கலாம். சேரும்முன் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: அது இன்ஜினியரிங் பட்டமா, இன்ஜினியரிங் டெக்னாலஜி பட்டமா? முதலாவதற்கு பிஇஎம் (இன்ஜினியர்கள் வாரியம்) பதிவு, இரண்டாவதற்கு எம்பிஓடி (டெக்னாலஜிஸ்டுகள் வாரியம்). பிஇஎம் வழி என்றால் படிப்புகளைச் சரிபார்க்கும் இஏசி குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2009-லிருந்து இன்ஜினியரிங் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா முழு உறுப்பு நாடு என்பதால் அந்தப் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. இன்டர்வியூவுக்கு மோதிரம் மட்டும் போதாது. எந்த உலோகக் கலவை, எத்தனை டிகிரி, எங்கே விரிசல் விட்டது, எப்படிச் சரிசெய்தான் என்று நோட்டில் எழுதி, படத்தோடு கொண்டுபோகட்டும். ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் கணிதம் பாஸா? அதை முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.