ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல், படபடப்பு மட்டும் நிற்கல: அடுத்து என்ன?

இரவுப்பறவை

வயசு 34. சில மாசமா படபடப்பு, ரெண்டு விதமா வருது. ஒண்ணு, படுத்த கொஞ்ச நேரத்துல நெஞ்சுக்குள்ள ஒரு "தொம்". ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது ஓங்கி இடிக்கிற உணர்வு. இன்னொண்ணு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வேகம் ஏறி 120, 130 வரைக்கும் போகும். விரல் நுனியும் உதட்டைச் சுத்தியும் மரத்துப்போகும், மூச்சு முழுசா இறங்காத மாதிரி இருக்கும். அரை மணி நேரத்துல மெதுவா அடங்கும்.

ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், 24 மணி நேர ஹோல்டர் (உடம்புல மாட்டிக்கிற ஈசிஜி பதிவுக் கருவி), தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாச்சு. "எல்லாம் நார்மல், டென்ஷன்தான்"னு அனுப்பிட்டாங்க. ஆனா ஹோல்டர் மாட்டின அன்னைக்கு அந்த வேகம் வரவே இல்ல. டெஸ்ட்ல ஏதாவது தப்பியிருக்குமா? பதற்றம்தான்னா, வர்ற நேரத்துல என்ன செய்யணும்? எது வந்தா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

துடிப்புக்கணக்கு

எல்லா "நார்மல்"களையும் ஒரே எடையில் வைக்காதீர்கள் சகோ. ஒவ்வொரு டெஸ்டும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

எக்கோ தசையையும் வால்வையும் பார்க்கிறது. டிரெட்மில், உழைக்கும்போது ரத்த ஓட்டம் குறைகிறதா, தாளம் கெடுகிறதா என்று பார்க்கிறது. இந்த இரண்டும் நார்மல் என்றால் அது கனமான நல்ல செய்தி. சாதாரண ஈசிஜி வெறும் 10 விநாடிப் பதிவுதான். ஆனாலும் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் கீழறைகள் மின்னூட்டம் பெற்று மீள எடுக்கும் நேரம்), டெல்டா அலை (கூடுதல் மின்பாதை இருப்பதன் அடையாளம்) போன்ற பிறவிக் குறிகள் படபடப்பு இல்லாத நேரத்திலும் பெரும்பாலும் அதில் தெரியும், அதனால் வீண் என்று ஒதுக்க வேண்டாம். ஹோல்டர் மட்டும்தான் இடிக்கிறது: அன்றைக்கு வந்ததை மட்டுமே அது பிடிக்கும். உங்கள் வேகத் துடிப்பு அன்று வரவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

முதலில் ஹோல்டர் ரிப்போர்ட்டின் கடைசி வரியை விட்டுவிட்டு உள்பக்கங்களைப் பாருங்கள். மொத்தத் துடிப்பு, வென்ட்ரிகுலர் எக்டோபிக் (கீழறையிலிருந்து நேரத்துக்கு முன்னால் வரும் துடிப்பு), சுப்ரா வென்ட்ரிகுலர் எக்டோபிக் (கீழறைக்கு மேலிருந்து அப்படி வருவது) என்று மூன்று எண்கள் இருக்கும். படபடப்பு தெரிந்தபோது கருவியில் பட்டன் அழுத்திய நேரங்களுக்கு நேராக என்ன தாளம் ஓடியது என்பதும் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் அதுதான்.

அந்த "தொம்" பெரும்பாலும் எக்டோபிக். நேரத்துக்கு முன்னால் ஒரு துடிப்பு வந்துவிடுகிறது. இதயம் நிரம்பாமலே சுருங்குவதால் அது நாடியில் சரியாகத் தெரியாது, "விட்டுப்போச்சு" என்று தோன்றும். பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் கூடுதலாக ரத்தம் நிரம்பிவிடுவதால் அடுத்த துடிப்பு பலமாக இடிக்கிறது. நீங்கள் பயப்படுவது அந்த அடுத்த துடிப்பைப் பார்த்து, அதுவோ முறையான துடிப்பு. படுக்கும்போது அதிகம் தெரியக் காரணமும் எளிது. நாடி வேகம் குறையும்போது எக்டோபிக் நுழைய இடைவெளி கிடைக்கிறது. இடப்பக்கம் சாய்ந்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வருகிறது. சுற்றிலும் சத்தம் வேறு இல்லை.

வேகம் வருவதில், எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். எஸ்விடி (இதயத்தின் மேல்பகுதி மின்பாதைக் கோளாறால் வரும் வேகத் துடிப்பு) என்றால் சுவிட்ச் போட்ட மாதிரி தொடங்கி, அப்படியே நிற்கும். வேகம் பெரும்பாலும் 150க்கு மேல். பதற்றத்தால் வரும் சைனஸ் வேகம் (இதயத்தின் இயல்பான தாளமே வேகமாவது) படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். நீங்கள் எழுதியது இரண்டாவதைப் போல இருக்கிறது. ஆனாலும் ஒரு முறையாவது பதிவில் பிடித்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் சந்தேகம் போகாது. தினமும் வந்தால் இன்னொரு ஹோல்டர் போதும். வாரத்துக்கு ஒன்றிரண்டு என்றால் மார்பில் ஒட்டும் 14 நாள் பேட்ச் கேளுங்கள். ஈசிஜி எடுக்கும் வாட்ச் இருந்தால், வேகம் வரும்போது 30 விநாடிப் பதிவு எடுத்துச் சேமியுங்கள். வாட்ச் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பச்சை விளக்கு சென்சார் எக்டோபிக் வரும்போது தப்பாக எண்ணும். எதுவும் இல்லையா? அந்தத் தாளத்தை மேசையில் விரலால் தட்டி போனில் பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள். சீராக இருந்ததா, தாறுமாறாக இருந்ததா என்பதை வார்த்தையில் சொல்வதைவிட இது தெளிவு.

விட்டுப்போனவை சில: பொட்டாசியம், மெக்னீசியம், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது). ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். நிற்கும் சோதனையும் செய்து பாருங்கள்: 10 நிமிடம் படுத்து நாடி எண்ணுங்கள். பிறகு எழுந்து சாயாமல் நின்று 1, 3, 5, 10வது நிமிடங்களில் எண்ணி எழுதுங்கள். 10 முதல் 20 வரை கூடுவது சகஜம். 30க்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அந்தத் தாளை டாக்டரிடம் கொண்டுபோங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் பாதியில் உட்கார்ந்துவிடுங்கள்.

மருந்துச்சீட்டு

டெஸ்டுக்கு முன்னால் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரை, சால்புட்டமால் இன்ஹேலர், அளவு கூடிப்போன தைராக்சின், எடை குறைக்கும் பொடிகள், எனர்ஜி டிரிங்க், நிகோட்டின் எல்லாமே துடிப்பை ஏற்றும். மது குடித்த இரவைவிட மறுநாள் விடியற்காலையில்தான் சிலருக்குப் படபடப்பு அதிகம். காஃபீன் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். சந்தேகம் இருந்தால் படிப்படியாகக் குறைத்து இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும், அதையும் நோய் என்று நினைப்பீர்கள். நிறுத்தியும் வித்தியாசம் இல்லையென்றால் காபியைக் குறை சொல்ல வேண்டாம், குடியுங்கள்.

"யாரோ சொன்னார்கள்" என்று துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் இறுகிவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு, சர்க்கரை இறங்குவதைக் காட்டும் படபடப்பு தெரியாமல் போய்விடும். தொடர்ந்து எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

நைட்டூட்டி

மூணாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. காத்திருக்காமல் போக வேண்டியவை: மயங்கி விழுந்தால், ஓடும்போதோ படி ஏறும்போதோ படபடப்போடு கண் இருட்டினால், நெஞ்சு அழுத்தம் கை, தாடை, முதுகுக்குப் பரவி வியர்த்தால், உட்கார்ந்திருக்கும்போதே 150க்கு மேல் ஏறிச் சில நிமிடத்தில் இறங்காவிட்டால், பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், இப்போது எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். வேகத்தை அடக்க, நெட்டில் பார்த்துவிட்டுக் கழுத்து நாடியை அமுக்கும் வேலை வேண்டாம்.

இரவுப்பறவை

ரொம்ப நன்றி. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். மொத்தத் துடிப்பு 1,04,000. வென்ட்ரிகுலர் எக்டோபிக் 212. பட்டன் அழுத்தின இடங்கள்ல பெரும்பாலானதுல எக்டோபிக்னு இருக்கு. மயக்கம் எதுவும் வந்ததில்ல, குடும்பத்திலயும் யாருக்கும் அப்படி இல்ல. வேகம் வரும்போது மூச்சை நல்லா ஆழமா இழுத்துப் பார்க்கிறேன், இன்னும் மோசமாகுது. ஏன்?

துடிப்புக்கணக்கு

212ஐ மொத்தத்தால் வகுத்தால் 0.2 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் தசை சோர்ந்துவிடுமோ என்று டாக்டர்கள் தொடர்ந்து கண்காணிப்பார்கள். எக்கோ நார்மலாக இருக்கும்போது இந்த எண்ணுக்கு வைத்தியமே தேவையில்லை. உணர்வும் பதிவும் பொருந்திவிட்டதால் "தொம்"முக்காக இன்னொரு டெஸ்ட் வேண்டாம். பாக்கி வேகம் மட்டும்தான்.

நிதானம்

மூச்சை ஆழமாக இழுப்பதுதான் அங்கே சிக்கல். பதற்றத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு விடுகிறீர்கள். ஆக்சிஜன் குறையவில்லை, கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறிக் குறைந்துபோகிறது. அதனால் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, விரலும் உதடும் மரத்துப்போகின்றன; மூளைக்குப் போகும் குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது. "மூச்சு பத்தல" என்று இன்னும் இழுத்தால் இன்னும் குறையும்.

செய்ய வேண்டியது: வாயை மூடி, மூக்கால் 4 எண்ணும் வரை சாதாரண அளவு மூச்சு, பிறகு 6 எண்ணும் வரை மெதுவாக வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். ஒரு கை வயிற்றில் இருக்கட்டும், நெஞ்சும் தோளும் அசையக் கூடாது. 5 நிமிடம் தொடருங்கள். முதல் ஒரு நிமிடம் காற்றுப்பசி இருக்கும், அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பதற்றம் இல்லாத நேரத்தில் தினமும் இருமுறை பழகியிருந்தால்தான் வந்த நேரத்தில் கைகொடுக்கும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய யோசனை வேண்டாம். காரணம் வேறாக இருந்தால் ஆக்சிஜன் இறங்கி ஆபத்தாகிவிடும்.

ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அரை மணி நேரம் நீடிப்பதற்குக் காரணம், துடிப்பைக் கண்டு பயந்து, அந்தப் பயத்தால் மறுபடி சுரப்பதுதான். ஆகவே பாதி வேலை படபடப்பு இல்லாத நேரத்தில் இருக்கிறது. வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்களா? அதை முதலில் கட்டுப்படுத்த வேண்டும். துடிப்பு எச்சரிக்கைகளை அணைத்துவிடுங்கள். நாடி பார்ப்பது நாளுக்கு இரண்டே நேரம், கடிகாரம் சொல்லும் நேரத்தில், உணர்வு சொல்லும் நேரத்தில் அல்ல. ஒரு வாரம் கழித்து ஒன்றாகக் குறையுங்கள், பிறகு நிறுத்துங்கள். (பேட்ச் போடும் நாட்களில் பட்டன் அழுத்துவது இதில் சேராது.) "எனக்கு ஒண்ணுமில்லையே?" என்று வீட்டாரிடம் கேட்பதும் இதே கணக்குத்தான்.

அடுத்தது, படபடப்பை நாமே வரவழைத்துப் பழகுவது. நின்ற இடத்திலேயே 60 விநாடி ஓட்டம். அல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக 60 விநாடி மூச்சு. முடிந்ததும் நாடி பார்க்காமல், மூச்சுப்பயிற்சியும் செய்யாமல், அந்த உணர்வோடு அப்படியே இருங்கள். பயத்துக்கு 10க்கு எத்தனை என்று எழுதுங்கள். அது 3க்கு இறங்கும் வரை ஒரே பயிற்சியைத் திரும்பச் செய்யுங்கள். உடனே தண்ணீர் குடிப்பது, உட்கார்ந்துகொள்வது, யாரையாவது கூப்பிடுவது எல்லாம் பயிற்சியைக் கெடுத்துவிடும். ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம், இதயக் கோளாறு இருப்பவர்கள் தாமாகச் செய்யக் கூடாது. சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) தெரிந்த மனநல ஆலோசகரோடு செய்தால் விரைவாக முன்னேறலாம்.

"டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பியது எனக்கு உடன்பாடில்லை. 1871லேயே ஜேக்கப் டகோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், போர்வீரர்களிடம் இதயக் கோளாறு எதுவும் தெரியாமலே வரும் படபடப்பை விவரித்து எழுதியிருக்கிறார். உணர்வு நிஜம், வைத்தியமும் உண்டு. வாரக்கணக்கில் பயிற்சி செய்தும் வேலை, தூக்கம் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை (பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் ஒரு வகை) தந்தால் முதல் ஓரிரு வாரம் பதற்றம் கூடினாற்போல் இருக்கலாம், பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். அந்த வகையில் எஸ்சிட்டலோப்ராம் என்றால் உங்கள் பழைய ஈசிஜியைக் கையோடு கொண்டுபோங்கள், க்யூடி பார்ப்பார்கள்.

இரவுப்பறவை

பேட்ச்சுக்கு எழுதி வாங்கிடறேன். கடைசியா ஒண்ணு. பயந்து நடைப்பயிற்சியை நிறுத்திட்டேன். திரும்ப ஆரம்பிக்கலாமா?

துடிப்புக்கணக்கு

டிரெட்மில் நார்மல், மயக்கம் இல்லை, தாராளமாக ஆரம்பிக்கலாம். பேட்ச் ஒட்டிக்கொண்டே நடங்கள், அதுவும் பதிவாகட்டும். பேச்சு தடைபடாத வேகத்தில் 10 நிமிடம் தொடங்கி வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். சட்டென்று நிற்காமல் கடைசி 5 நிமிடம் வேகத்தைக் குறைத்து நடங்கள். அட்ரினலின் இன்னும் ஏறியிருக்க நாடி மட்டும் இறங்கும் அந்த நேரத்தில் எக்டோபிக் ஒன்றிரண்டு வருவது சகஜம், பயந்து உட்காராதீர்கள். வேகம் கூடும்போது மறைந்துவிடுகிற எக்டோபிக் நல்ல அறிகுறி. நடக்க நடக்க அதிகமானால் மட்டும் பேட்ச் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.