ஏழைகள் உண்டியல்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

அல்சூர்வாசி:

பெங்களூரில் எங்கள் பங்குக் கோயிலில் அந்தோணியார் சுரூபத்துக்குக் கீழே ஏழைகள் உண்டியல் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்ததும் அதைத் திறந்து எண்ணுகிற நான்கு பேரில் நானும் ஒருவன். ஒன்பது வருடமாகிறது.

மேசையில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்துக் கொட்டுவோம். பக்கத்திலேயே மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம். மெழுகு பட்ட விரலோடு போட்ட காசெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். நகத்தால் சுரண்டித்தான் பிரிக்க வேண்டும். பத்து ரூபாய்த் தாளை எட்டாக மடித்து, மஞ்சள் நூல் சுற்றிப் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். மாதம் தவறியதில்லை. யாரென்று இன்றுவரை தெரியாது.

இந்தப் பணத்தில்தான் வின்சென்ட் தே பவுல் சபை வழியாக அரிசியும் மருந்தும் கொடுக்கிறோம். அரிசி வாங்க வருகிற ஓர் அக்கா, ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்ப்பவர், பையை வாங்கும் முன் நேராக உண்டியலுக்குப் போய் எதையோ போட்டுவிட்டு வந்தார். "உங்களுக்கே கஷ்டம், எதுக்குக்கா?" என்று கேட்டுவிட்டேன். "அரிசிதானே தம்பி எனக்கு வேணும். மருந்துக்கு நிக்கிறவங்க இருப்பாங்கல்ல?" என்றார். அப்படிக் கேட்டதற்காக நான் இன்னும் வருந்துகிறேன்.

உண்டியல் ஏன் அந்தோணியார் காலடியில் என்று பலர் கேட்பார்கள். 1890-இல் பிரான்சின் தூலோன் நகரத்தில் லூயிஸ் புஃபியே என்ற கடைக்காரப் பெண்ணின் கடைப் பூட்டு திறக்கவே இல்லையாம். திறந்தால் ஏழைகளுக்கு ரொட்டி தருவதாக அந்தோணியாரிடம் வேண்டினார், சாவி திரும்பியது என்பார்கள். 'அந்தோணியார் அப்பம்' என்ற பேரில் காணிக்கை பரவியது அதன் பிறகுதான்.

லிங்கராஜபுரம் அண்ணன்:

சாவி என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. நான் முன்பு இருந்த பங்கின் பெயர் வேண்டாம். அங்கே ஏழைகள் உண்டியலுக்கு ஒரே சாவி, ஒருவர் கையில். ஒரு வருடம் திருவிழா சீரியல் லைட் பில்லுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். பங்குப் பேரவையில் கேட்டேன். "எல்லாம் ஆண்டவர் காசுதானே" என்றார்கள். அந்த மாதம் டயாலிசிஸுக்கு உதவி கேட்டு வந்தவரைக் கையை விரித்து அனுப்பியதைப் பார்த்தவன் நான். மனசு ஆறவில்லை.

1983-ஆம் வருடத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1267-ஆம் எண்ணைப் படியுங்கள். ஒரு நோக்கத்துக்கென்று மக்கள் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று நேராகவே இருக்கிறது. அப்புறம், சாவி விஷயமும் புதிதில்லை. 1199-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட், சிலுவைப்போர் நிதிக்காகக் கோயில்தோறும் பெட்டி வைக்கச் சொன்னபோதே மூன்று சாவி என்றார்: ஆயரிடம் ஒன்று, பங்குக் குருவிடம் ஒன்று, குருவல்லாத பொதுநிலையினர் ஒருவரிடம் ஒன்று. 1547-இல் இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்ட் அரசு ஏழைகள் பெட்டிக்கு இட்ட ஆணையிலும் மூன்று சாவிதான். அதற்கெல்லாம் முன்னால், விவிலியத்தில் அரசர்கள் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரம். கோயிலைப் பழுதுபார்க்க வந்த பணம் குருக்கள் கையில் போய், யோவாசு அரசரின் 23-ஆம் ஆண்டுவரை வேலையே நடக்கவில்லை. பிறகுதான் குரு யோயாதா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தருகே வைத்தார். எண்ணும்போது அரசரின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணினார்கள்.

காக்ஸ் டவுன் சகோதரி:

நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் அம்மா உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார். பிடி அரிசிக் காணிக்கை. அரிசி தீர்ந்து கடனுக்கு வாங்கின நாளிலும் அந்த டப்பாவில் கை வைக்க விடமாட்டார்.

அல்சூர்வாசி:

அண்ணன் எழுதியதை எங்கள் ஃபாதரிடம் காட்டினேன். எங்களுக்கும் ஒரு சாவிதான் இருக்கிறது. சரி, மாற்றலாம் என்றார். பெட்டியில் ஒரு பூட்டுக்குத்தான் கொண்டி இருக்கிறது. இன்னும் இரண்டு வைத்துத் தரும்படி வெல்டரிடம் சொல்லியிருக்கிறேன். வரும் முதல் ஞாயிறுக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.