ஜப்பான் மலையூரில் ஒரு வார இறுதி: புல்வெட்டு, நடவு, சப்பரம்

வரப்போரம்

நீகத்தா, நகானோ போன்ற மாகாணங்களின் மலைப்பக்க ஊர்களில் மே கடைசியில் சனி, ஞாயிறு என்றால் ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். சனி விடிந்ததும் ஊர்ப்பொதுப் புல்வெட்டு, முடிந்த கையோடு யாராவது ஒருவர் வயலில் நடவு, ஊர்க் கோயில் விழாவும் அதே வாரம் விழுந்தால் ஞாயிறும் போச்சு. அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவரும் வீட்டுக்கு ஓர் ஆள் கணக்கில் சேர்த்திதான். ஜிச்சிகாய் எனப்படும் ஊர்ச்சங்கம் வராத வீட்டுக்குத் தண்டம் போடுவதும் சில இடங்களில் உண்டு.

தகவல் பெரும்பாலும் காய்ரான்பான் என்ற சுற்றறிக்கை அட்டையில்தான் வீடு வீடாக வரும். பார்த்ததற்கு முத்திரையோ கையெழுத்தோ போட்டு அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். படிக்கத் தெரியவில்லை என்று மேசையில் கிடத்தினால், வரிசையில் நமக்குப் பின்னால் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் தாமதம். போன் கேமராவில் மொழிபெயர்த்து, தேதி, நேரம், கொண்டுவரச் சொன்ன பொருள் மூன்றையும் குறித்துக்கொண்டு அன்றே நகர்த்துங்கள். 7 மணி என்று போட்டிருந்தால் 6:45க்கே புல்வெட்டு மெஷின் சத்தம் கேட்கும்.

ரெண்டு ஸ்ட்ரோக்

மெஷின் இல்லாதவர் அரிவாளோடு போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வெட்டிய புல்லை வாரவும் ஆள் வேண்டுமே. இரவல் மெஷின் என்றால் முதலில் எரிபொருளைக் கேளுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 50:1 கலவை, அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில். பழைய மெஷின்களில் 25:1 இருக்கும், அதற்கு 40 மி.லி. வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், மெஷின் அவ்வளவுதான். நான்கு ஸ்ட்ரோக்குக்கு வெறும் பெட்ரோல் மட்டும்.

பெட்ரோலைப் பிளாஸ்டிக் கேனில் தரமாட்டார்கள். சிவப்புக் கேன் மண்ணெண்ணெய்க்கு உரியது. பெட்ரோலுக்கென்றே வரும் உலோகக் கேன் வேண்டும், அதையும் ஊழியர்தான் நிரப்புவார். செல்ப் பங்க்காக இருந்தாலும் கேனில் நாமே பிடிக்கக் கூடாது. 2020 பிப்ரவரியிலிருந்து அடையாள அட்டையைப் பார்த்து, எதற்காக என்றும் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். வெளிநாட்டவர் என்பதால் கேட்கிறார்கள் என்று முகம் சுளிக்க வேண்டாம், உள்ளூர்க்காரருக்கும் அதே கேள்விதான்.

வட்டத்தகடு மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே வலமிருந்து இடமாக வீசும்போது மட்டும் வெட்டு, திரும்பும்போது சும்மா கொண்டுவாருங்கள். தகட்டின் இடது முன்பகுதிதான் வெட்ட வேண்டியது. வலது முன்பகுதி கல்லிலோ கட்டையிலோ பட்டால் மெஷின் துள்ளி வலப்பக்கம் எகிறும். காயங்களில் கணிசமானவை இப்படித்தான் நேர்கின்றன. தகட்டு நட்டு இடமரை, வழக்கமான திசையில் திருகினால் கழலாமல் இன்னும் இறுகும். சுற்றிலும் 15 மீட்டருக்குள் ஆள் இருக்கக் கூடாது. காதடைப்பான் போட்டவரைப் பின்னாலிருந்து தொடவே தொடாதீர்கள். எதிர்ப்பக்கம் தூரத்தில் நின்று கையசையுங்கள். சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது. சிக்கிய புல்லை எஞ்சினை அணைத்த பிறகே எடுக்க வேண்டும், அவசரத்தில் எல்லோரும் தவறுகிற இடம் அது.

முகத்திரை, முழங்கால் வரை காப்பு, நீளக்கை சட்டை கட்டாயம். வெயிலுக்காக மட்டுமல்ல. புயு என்ற ஈ கடித்தால் இரண்டு மூன்று நாள் வீங்கும், புல்லுக்குள் மமுஷி விரியனும் இருக்கும்.

பாடுவாசி

நடவு பற்றி. புதிதாக வருபவரை நடவு மெஷினில் ஏற்ற மாட்டார்கள், எதிர்பார்க்கவும் வேண்டாம். தட்டு சுமப்பது, காலித் தட்டைக் கழுவுவது, மெஷின் விட்ட இடத்தில் கையால் நடுவது, இவைதான் நம் பங்கு. நாற்றுத் தட்டு சுமார் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். தண்ணீர் ஊறினால் 5 கிலோவைத் தாண்டும். ஒரு ‘தான்’ என்ற ஜப்பானிய அளவு நிலத்துக்கு (கிட்டத்தட்ட நம் 24.5 சென்ட்) 18 முதல் 20 தட்டு பிடிக்கும். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., குத்துக்குக் குத்து 15 முதல் 22 செ.மீ., ஒரு குத்தில் 3 முதல் 5 நாற்று, ஆழம் 2 முதல் 3 செ.மீ.

தண்ணீர் அளவில்தான் எல்லாம் கெடுகிறது. நடவன்று சேற்றை மூடியும் மூடாமலும் 1, 2 செ.மீ. நின்றால் போதும். கூடினால் நாற்று மிதக்கும், மெஷின் சேற்றில் போட்டுப் போகும் அடையாளக் கோடும் தெரியாமல் வரிசை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வற்றிப் போயிருந்தால் மெஷினின் நடும் விரல்களில் சேறு அப்பி நாற்றைப் பிடுங்கிக்கொண்டே வரும். சேறடித்து இரண்டு மூன்று நாள் படிய விடுவது அதனால்தான். மடையைத் திறப்பது, மூடுவது வயல்காரர் வேலை. நல்லெண்ணத்தில்கூட அதில் கை வைக்காதீர்கள், கீழ்வயல் வரை பஞ்சாயத்து போகும்.

காலுக்குச் சாதாரண கம்பூட் ஆகாது, சேறு உருவிக்கொள்ளும். காலை ஒட்டிப் பிடிக்கும் நடவுப் பூட் ஹோம் சென்டரில் கிடைக்கும், அளவு 28 செ.மீ.க்கு மேல் கிடைப்பது சிரமம். சிக்கினால் குதிகாலை முதலில் தூக்குங்கள்.

பாடுவாசியை, அதாவது நாற்று விழாமல் விட்ட இடத்தை, நிரப்பும்போது ஒற்றைக் குத்து விட்டுப்போன இடமெல்லாம் நட வேண்டாம், பக்கத்துக் குத்து தூர் கட்டி ஈடுசெய்யும். வரிசையாக நாலைந்து விட்ட இடம்தான் பார்க்க வேண்டும். மிச்ச நாற்றை வயல் மூலையில் போட்டுவைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை அகற்றாவிட்டால் நெருக்கத்தில் குலைநோய் பிடித்து வயலுக்குள் பரவும். யாரும் சொல்லாமலே அதை அள்ளிக் கரையேற்றுகிறவருக்கு அடுத்த வருஷமும் அழைப்பு வரும்.

கைக்காசு

வண்டி, காசு என்று இரண்டு சங்கதி. இந்தியாவும் இலங்கையும் 1949 ஜெனீவா உடன்படிக்கையில் இருப்பதால் அந்த வகைச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும், ஆனால் இறங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம்தான். குடியிருப்பவர் 3 மாதத்துக்குள் ஊர் போய்த் திரும்பினால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்காது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஊர்க் குட்டி லாரி 660 சி.சி., அதிகபட்சச் சுமை 350 கிலோ. வரப்பு ரோட்டு ஓரம் மழைக்குப் பின் இளகிக் கிடக்கும், நடுவில் ஓட்டுங்கள்.

சனி இரவு விருந்தில் ஒரு குவளை குடித்தாலும் வண்டி வேண்டாம். குடித்தவர் ஓட்டும் வண்டியில் தெரிந்தே ஏறியவருக்கும், ஊற்றிக் கொடுத்தவருக்கும்கூடத் தண்டனை உண்டு. டைகோ என்ற சேவையில் இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் நம் வண்டியை ஓட்ட, இன்னொருவர் பின்னால் தங்கள் காரில் வருவார். உள்மலைக்கு வர மறுப்பார்கள், மாலையிலேயே பேசிவிடுங்கள். பணத்தை வெள்ளிக்கிழமையே டவுனில் எடுத்துவிடுவது நல்லது.

சப்பரத்தெரு

ஞாயிறு மிகோஷி என்ற சப்பரத்தைத் தோளில் சுமக்க மேலங்கி ஊரே தரும். உயரம் பார்த்து நிறுத்துவார்கள். நெட்டையானவர் குட்டையானவர்களுக்கு நடுவே நின்றால் பாரம் மொத்தமும் அவர் தோளில்தான், கூச்சப்படாமல் இடம் மாற்றிக் கேளுங்கள். தோளுக்கு மடித்த துண்டு. மாடியிலிருந்து மிகோஷியைக் குனிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் கூடாது. காணிக்கை 3,000 அல்லது 5,000 யென், சிவப்பு வெள்ளை நூலில் பூமுடிச்சு போட்ட உறையில். கறுப்பு வெள்ளை நூல் சாவுக்கு உரியது. கடையில் இரண்டும் அருகருகே தொங்கும், பார்த்து எடுங்கள்.

குளியலுக்கு, நகானோவின் வெந்நீரூற்று ஊரான நொசாவா ஒன்சென் பக்கம் இருப்பவர்களுக்கு யோகம். 13 பொதுக் குளியலறைகள், கட்டணமில்லை, ஊராரே பராமரிக்கிறார்கள். தண்ணீர் கொதிக்கிறது என்று கேட்காமல் குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் தாத்தாக்கள் முறைப்பார்கள்.

இலைச்சோறு

சைவர்களுக்கு: மிசோ சூப், காய்ப் பொரியல், இனாரி சோற்றின் வெளித்தோல் (பொரித்த டோஃபு) எல்லாவற்றிலும் பெரும்பாலும் தாஷி எனப்படும் கட்சுவோ மீன் சாறு இருக்கும். “மீன் வேண்டாம்” என்றால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள், சாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொம்பு என்ற கடற்பாசியில் எடுத்த தாஷி என்றால் சாப்பிடலாம். உப்புச்சோற்று உருண்டை பத்திரம். உமெபோஷி என்ற புளிப்புப் பழ ஊறுகாய் வைத்த உருண்டை என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், கட்சுவோ சேர்த்த உமெபோஷியும் கடைகளில் உண்டு.