நாதாப், அபியூ செய்த தப்பு என்ன? வனாந்தரமும் நம் ஆராதனையும்

எலிம்70:
ஆராதனையில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்ற பேச்சு வந்தாலே "மனசு சரியாக இருந்தால் போதும் பிரதர்" என்று முடித்துவிடுகிறோம். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து கானானுக்குப் போன வனாந்தரப் பயணத்தை நிதானமாக வாசித்தால் அந்தப் பதில் நிற்காது.

லேவியராகமம் 9, 10. ஆசாரியர்களின் பிரதிஷ்டை நாட்கள் முடிந்து எட்டாம் நாள். கர்த்தருடைய சந்நிதியிலிருந்து அக்கினி புறப்பட்டுப் பலியைப் பட்சித்தது. ஜனங்கள் ஆர்ப்பரித்து முகங்குப்புற விழுந்தார்கள். அதே நாளில் பிரதான ஆசாரியனான ஆரோனின் மூத்த மகன்கள் நாதாப், அபியூ இரண்டு பேரும் தூபகலசத்தோடு (தூபம் போடும் பாத்திரம்) வந்து செத்தார்கள். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கா தூபம் காட்டினார்கள்? கர்த்தருக்குத்தான். அவர் கட்டளையிடாத அக்கினியில் காட்டினார்கள், அவ்வளவுதான்.

மோசே மலையில் இருந்தபோது ஜனங்கள் கும்பிட்ட பொன் கன்றுக்குட்டியும் அப்படித்தான். ஆரோன் புதுத் தெய்வத்தின் பேரில் விழா எடுக்கவில்லை. "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்றே கூறினான் (யாத்திராகமம் 32:5). பேர் சரி, உற்சாகத்துக்கும் குறைவில்லை. முறை மட்டும் அவர்களே உண்டாக்கியது.

1640களில் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய புராட்டஸ்டண்ட் போதகர்கள் தங்கள் விசுவாச அறிக்கையின் 21ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்ததும் இதைத்தான்: வேதம் நியமிக்காத எந்த வழியிலும் தேவனை ஆராதிக்கக்கூடாது. நமக்குப் பிடித்ததையெல்லாம் கொண்டுவந்து "ஆவியானவர் ஏவினார்" என்று சொல்லும் இந்தக் காலத்துக்கு அது இன்னும் தேவைப்படுகிறது.

கானான்வழி:
அதே 10ஆம் அதிகாரத்தை முடிவுவரை வாசித்தீர்களா? பாவநிவாரண பலியின் வெள்ளாட்டுக்கடாவை ஆசாரியர்கள் பரிசுத்த ஸ்தலத்தில் சாப்பிட வேண்டும் என்பது கட்டளை. சாப்பிடாமல் சுட்டெரித்துவிட்டார்கள். மோசே எலெயாசார்மேலும் இத்தாமார்மேலும் கோபப்படுகிறான். அப்போது ஆரோன், இன்று எனக்கு இப்படியெல்லாம் நேர்ந்திருக்க, நான் அதைச் சாப்பிட்டிருந்தால் கர்த்தருக்கு நன்றாயிருக்குமா என்று கேட்கிறான். காலையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அப்பன். மோசே அதற்குமேல் பேசவில்லை. அக்கினியும் இறங்கவில்லை.

ஒரே நாள், ஒரே குடும்பம். இரண்டு இடத்திலும் முறை மீறப்பட்டது. ஒன்றுக்குச் சாவு, இன்னொன்றுக்கு மௌனமான ஏற்பு. முறைதான் எல்லாம் என்றால் இதை எப்படி விளக்குவீர்கள்?

இன்னொன்று. அந்நிய தூபம் கூடாது என்று யாத்திராகமம் 30:9 ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. ஆக நாதாபும் அபியூவும் வேதம் பேசாமல் விட்ட இடத்தில் எதையோ சேர்த்தார்கள் என்றே சொல்ல முடியாது. போட்டிருந்த வேலியைத் தாண்டினார்கள்.

எலிம்70:
அந்த வசனம் தூபவர்க்கத்தைப் பற்றியது, அக்கினியைப் பற்றியது இல்லை. ஆரோன் துக்கத்தில் ஒன்றைச் செய்யாமல் விட்டான். புதிதாக எதையும் நுழைக்கவில்லை. இரண்டும் ஒன்றாகாது.

அக்கினி எங்கிருந்து வரவேண்டும் என்பது எண்ணாகமம் 16இல் தெளிவாகிறது. மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராக எழும்பிய கோராகுவோடு சேர்ந்து தூபங்காட்டிய 250 பேர் எரிந்துபோனார்கள். மறுநாள் வாதை தொடங்கியபோது ஆரோன் பலிபீடத்து அக்கினியைத் தூபகலசத்தில் எடுத்துக்கொண்டு ஓடி, செத்தவர்களுக்கும் உயிரோடிருந்தவர்களுக்கும் நடுவே நின்றான். வாதை நின்றது. அதற்குள் 14,700 பேர் போய்விட்டார்கள். ஒரே விதத் தூபகலசம்தான். அனுப்பப்பட்டவன் கையில் அது உயிரைக் காத்தது, துணிந்தவன் கையில் கொன்றது.

மலைமேல்_மெய்யன்:
கத்தோலிக்கனாக ஒரு வார்த்தை. எண்ணிக்கை (உங்கள் எண்ணாகமம்) 21இல் வெண்கலப் பாம்பைச் செய்யச் சொன்னது ஆண்டவரே. எலிம் ஐயா கேட்கும் கட்டளை அதற்கு உண்டு. ஆனால் 2 அரசர்கள் 18:4 என்ன சொல்கிறது? மக்கள் அதற்குத் தூபம் காட்டும் நிலை வந்து, அரசர் எசேக்கியா அதை உடைத்துப்போட்டார். கட்டளைப்படி வந்த பொருளே பின்னால் சிலையாகிவிட்டது. "வேதத்தில் இருக்கிறது" என்ற முத்திரை மட்டும் ஆராதனையைக் காப்பாற்றாது.

சால்ட்_அண்ட்_லைட்:
மெய்யன் அண்ணா, அப்படியானால் சிலைகளை எடுத்துவிடலாமே 😄

மலைமேல்_மெய்யன்:
தம்பி, அதற்கு நான் சொல்வதைவிட புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி லூத்தர் சொன்னதைக் கேளுங்கள். 1522 மார்ச்சில் விட்டன்பர்க்கில் உருவங்களை உடைக்கக் கிளம்பியவர்களைப் பிரசங்கபீடத்தில் நின்று அடக்கினார். சூரியனையும் நட்சத்திரங்களையும்தான் சிலர் கும்பிடுகிறார்கள், அவற்றை வானத்திலிருந்து பிடுங்கிப்போடுவோமா என்று கேட்டார். எங்கள் ஆள் இல்லை, உங்கள் ஆள்!

கானான்வழி:
எலிம் பிரதர், வனாந்தரத்திலிருந்து நேராக நற்செய்திக்கு வருவோம். வாராவாரம் ஜெபஆலயம் போய் வாசித்து ஜெபிக்கும் முறை மோசேயின் பிரமாணத்தில் எங்கே இருக்கிறது? இயேசு தம் வழக்கத்தின்படியே அங்கே போனார் (லூக்கா 4:16). யோவான் 10:22இல் வரும் பிரதிஷ்டைப் பண்டிகை மோசேக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, மக்கபேயர் என்ற யூதத் தலைவர்களின் காலத்தில் ஏற்பட்டது, சீனாயில் கொடுக்கப்பட்டது அல்ல. அந்தச் சமயத்தில் அவர் தேவாலயத்தில் உலாவிக்கொண்டிருந்தார். யாரையும் கண்டித்ததாக இல்லை.

எலிம்70:
ஓய்வுநாளில் சபை கூடவேண்டும் என்று லேவியராகமம் 23:3 சொல்கிறது. ஜெபஆலயம் அதை நிறைவேற்றும் ஓர் ஏற்பாடு. எந்தக் கட்டடம், எத்தனை மணி என்பதெல்லாம் சூழ்நிலை சார்ந்தவை, அதில் யாருக்கும் சண்டை இல்லை. பிரதிஷ்டைப் பண்டிகையின்போது அங்கே இருந்தார் என்பதாலேயே அங்கீகரித்தார் என்று எடுக்க முடியாது.

காதேஸ்பர்னேயா:
இரண்டு நாளாக வாசிக்கிறேன். எல்லோரும் ஆசரிப்புக் கூடாரத்துக்குள்ளேயே, அதாவது பலி, தூபம் என்ற சடங்குகளிலேயே நிற்கிறீர்கள். வனாந்தரம் நமக்குத் திருஷ்டாந்தம் என்று பவுல் வெளிப்படையாகச் சொல்லும் இடம் 1 கொரிந்தியர் 10. அங்கே அவர் எடுப்பவை: இச்சித்தது, விக்கிரகாராதனை, வேசித்தனம், கர்த்தரைப் பரீட்சை பார்த்தது, முறுமுறுத்தது. நாதாப், அபியூ பேரே இல்லை. கன்றுக்குட்டி வருகிறது, ஆனால் ஜனங்கள் புசிக்கவும் குடிக்கவும் உட்கார்ந்து விளையாட எழுந்திருந்த காட்சியாக வருகிறது.

அடுத்த அதிகாரத்தில் கொரிந்து சபையின் கர்த்தருடைய பந்தியையே கண்டிக்கிறார். கட்டளையிடப்பட்ட சடங்குதான். இருந்தும், நீங்கள் கூடுவது கர்த்தருடைய இராப்போஜனம் பண்ணுவதற்கல்லவே என்கிறார். காரணம் அப்பத்தின் அளவோ ஜெபத்தின் வரிசையோ அல்ல. ஒருவன் முந்திச் சாப்பிட்டு வெறித்திருக்க, இன்னொருவன் பசியாயிருக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்பதுதான்.

வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற ஆகாரத்தையும் பவுல் இப்படித்தான் வாசிக்கிறார். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை என்ற யாத்திராகம வசனத்தை, எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்குப் பணம் திரட்டும்போது எடுத்துப் போடுகிறார் (2 கொரிந்தியர் 8:15). நாம் மன்னாவைப் பற்றிப் பாட்டுப் பாடுகிறோம். காணிக்கை ஏழைகளுக்குப் போகிறதா, ஒலிபெருக்கிக்குப் போகிறதா என்று கேட்டால் மட்டும் ஏன் முகம் மாறுகிறது?

எலிம்70:
ஏழைகளை மறக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? எபிரெயர் 12 சீனாய் மலையைக் காட்டிவிட்டு, பயத்தோடும் பக்தியோடும் ஆராதனை செய்யுங்கள், நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினி என்றுதான் முடிகிறது. புது உடன்படிக்கை வந்ததால் நெருப்பு அணைந்துவிடவில்லை. பந்தியைக் கொரிந்தியர் கெடுத்தார்கள் என்பதால் பந்திக்கு முறையே வேண்டாம் என்று ஆகுமா? பவுல் உடனே "நான் கர்த்தரிடத்தில் பெற்றுக்கொண்டேன்" என்று முறையைத்தானே மறுபடியும் ஒப்புவிக்கிறார்.

காதேஸ்பர்னேயா:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணாகமம் 14 உங்களைத் தொந்தரவு செய்யவில்லையா? போய் கானான் தேசத்தைச் சுதந்தரியுங்கள் என்பது கட்டளை. மறுத்தார்கள், 40 வருஷம் வனாந்தரத்தில் அலையும்படி தீர்ப்பானது. மறுநாள் அதிகாலையில் எழுந்து, பாவஞ்செய்தோம், இதோ போகிறோம் என்று மலையேறினார்கள். நேற்று கேட்ட அதே கட்டளை, இன்று நிறைவேற்றக் கிளம்புகிறார்கள். உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தைவிட்டு அசையவில்லை. அமலேக்கியரும் கானானியரும் அவர்களை ஓர்மாமட்டும் துரத்தினார்கள். எழுதியதைச் செய்தால் போதும் என்றால் இவர்கள் ஏன் தோற்றார்கள்?

எலிம்70:
ஏனென்றால் 25ஆம் வசனத்தில் வேறு கட்டளை வந்துவிட்டது. நாளைக்குத் திரும்பி, சிவந்த சமுத்திர வழியாக வனாந்தரத்துக்குப் போங்கள் என்று. அதைக் கேட்ட பிறகும் ஏறினார்கள். ஆக அங்கேயும் மீறப்பட்டது சொல்லப்பட்ட வார்த்தையே.

கானான்வழி:
சரி பிரதர், அந்த வார்த்தையை அவர்களுக்குச் சொல்ல மோசே பாளயத்தில் இருந்தான். நம் சபையில் ஆர்மோனியத்துக்கு அனுமதி, டிரம்ஸுக்குத் தடை என்று சொன்னது யார்?