போர்ஷே பையனுக்குக் கட்டுரை, பேட்டரி திருடிய பையனுக்கு?

முத்துவேல், கரூர்:
சிறாரைச் சிறையில் போடாதே, திருத்து என்கிறவர்கள் புனேயைப் பாருங்கள். 2024 மே 19, பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் செத்தார்கள். அன்றைக்கே ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை! பெரியவனாக விசாரிக்கச் சொன்ன போலீஸ் மனுவையும் 2025-ல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பதினாறு தாண்டி உயிரைப் பறித்தவனுக்குச் சிறைதான் சரி.

செல்வி, வழக்கறிஞர்:
முத்துவேல் சார், கோபம் நியாயம்தான். ஆனால் கட்டுரை ஜாமீன் நிபந்தனை, தீர்ப்பு இல்லை. நீங்கள் கேட்கும் வழியும் 2015 இளைஞர் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது. 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்தால், சிறார் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவன் மனநிலையை மதிப்பிட்டுக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தண்டனை கிடைத்தால் 21 வயதுவரை சிறைக்குப் பதில் ‘பாதுகாப்பு இடம்’ என்ற தனி இல்லம். அதற்குள் திருந்தவில்லை என்றால் மிச்சக் காலம் சிறை. சிக்கல் என்னவென்றால், குறைந்தபட்சமே ஏழு ஆண்டு தண்டனை உள்ளதுதான் கொடுங்குற்றம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புனே வழக்கு, கொலை என்ற அளவுக்கு வராமல் உயிர் போகச் செய்த ‘கொலையாகாத மரணம்’. அதற்கு அந்தக் குறைந்தபட்சம் கிடையாது. அதைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

கனகராஜ், நெல்லை:
நான் பள்ளி ஆசிரியர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. இவர்களுக்குக் கவுன்சிலிங் கொடுத்து ஊருக்கு அனுப்பினால், டீக்கடையில் அவனை வீரன் என்று தட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது. அந்த ஆளை யார் திருத்துவது? வெட்டுப்பட்ட பிள்ளையின் மறுவாழ்வைப் பற்றியும் இங்கே யாரும் பேசவில்லையே.

செல்வி:
கனகராஜ் சார், அது நிஜம். இப்படிப்பட்ட பையன்களைக் கண்காணித்து வழிநடத்தும் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கும் பள்ளிக்கும் நேரில் போய் வராமல் திருத்தம் நடக்காது. ஆனால் சிறைக்குப் போனால் அதே சாதிக்கூட்டம் உள்ளேயும் காத்திருக்கும். அப்புறம், அடைப்பது யாரைப் பாதிக்கிறது என்று பாருங்கள். 2022 டிசம்பர் 31 அன்று வழக்கில் சிக்கிய சிறாரை அடைத்துவைக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பதினேழு வயதுப் பையன் இறந்தான். அவன் மேல் இருந்தது பேட்டரி திருட்டு வழக்கு. அடித்ததாக இல்ல ஊழியர்களே கைதானார்கள். ஜாமீனும் சமூக சேவையும் முதலில் கிடைத்திருக்க வேண்டியது அவனுக்குத்தான். சட்டத்தைக் கடுமையாக்கினால் போர்ஷே வீட்டுக்காரர் நல்ல வக்கீலாக வைத்துக்கொள்வார். இந்தப் பையனுக்கு யார் வருவார்?

முத்துவேல்:
அந்தப் பையனுக்கு நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. திருட்டு, அடிதடிக்கெல்லாம் நீங்கள் சொல்கிற வழியே இருக்கட்டும். உயிர் போன வழக்கில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். புனேயில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரிடம் போய் மறுவாழ்வு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கனகராஜ்:
செல்வி மேடம், நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் எங்கள் பள்ளி வாசலை மிதித்து நான் பார்த்ததில்லை. முதலில் அவரை அனுப்பச் சொல்லுங்கள்.