ஸ்பானிய மொழி: கோள்கள் பாடத்தில் வாக்கியமெல்லாம் தப்பாகிறது, உதவுங்கள்

கதிர்_மதுரை: அவசரம், நாளை மறுநாள் தேர்வு. எட்டுக் கோள்களின் பெயரும் தலைகீழாகத் தெரியும். ஆனால் வாக்கியம் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுகிறார். என்ன தப்பு?

நிலாமுற்றம்: வாக்கியத்தைக் காட்டாமல் எப்படிச் சொல்வது, தம்பி? ஒன்றையாவது அப்படியே போடுங்கள். ஸ்பெயின் பாடமா, லத்தீன் அமெரிக்கப் பாடமா?

தூண்டில்: அழுத்தம் காட்டும் சாய்கோடுதான், சந்தேகமே வேண்டாம். ஹூபிதெர் (வியாழன் கோள்) என்று எழுதும்போது உகரத்தின் மேல் கோடு போட்டீர்களா? ஓர்பிதாவிலும் (சுற்றுப்பாதை) முதல் எழுத்துக்கு உண்டு.

வடக்குவாசல்: பெரிய எழுத்தாக இருக்கும். மார்தே செவ்வாய்க் கோள், பெரிய எழுத்து. மார்தெஸ் செவ்வாய்க்கிழமை, சிறிய எழுத்து. இந்தப் பாடம் நமக்குப் பாதி தெரிந்ததுதான். லூனெஸ் திங்கள், மார்தெஸ் செவ்வாய், மியெர்கோலெஸ் புதன், ஹுவெபெஸ் வியாழன், பியெர்னெஸ் வெள்ளி. ஐந்து கிழமைக்கும் நம்மைப் போலவே அதே வான்பொருள்களின் பெயர். சனியும் ஞாயிறும் மட்டும் சேராது. சாபதோ யூதர்களின் ஓய்வுநாளிலிருந்தும், தொமிங்கோ ஆண்டவரின் நாள் என்பதிலிருந்தும் வந்தவை.

செம்மல்: இலக்கண நூலைப் புரட்டாமலே இங்கே வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. சொல் ஆண்பாலா பெண்பாலா என்று தெரியாமல் எழுதினால் சுழிக்கத்தான் செய்வார்கள். பிளானெதா, அதாவது கோள், ஆகாரத்தில் முடிந்தாலும் ஆண்பால், கிரேக்க வழி வந்த சொல். சிஸ்தேமாவும் (அமைப்பு) அப்படித்தான். 'எல் கொமெதா' என்றால் வால்மீன், 'லா கொமெதா' என்றால் காற்றாடி. பலமுறை எழுதியாயிற்று.

நிலாமுற்றம்: சரியாகச் சொன்னீர்கள், ஐயா. ஆனால் தேர்வுக்கு நிற்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டுமா?

தூண்டில்: உச்சரிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். வானத்துக்கு 'சியெலோ' என்றால் ஸ்பெயினில் சிரிப்பார்கள். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்ல வேண்டும்.

வடக்குவாசல்: யார் சிரிப்பார்கள்? வானியலுக்கு ஸ்பானியம் படிப்பவர் சிலிக்குத்தான் போவார். பரனால், ஆல்மா என்ற வானாய்வகங்கள் இரண்டும் அத்தகாமா பாலைவனத்தில் இருக்கின்றன. அங்கே எல்லோருக்கும் 'சியெலோ'தான்.

செம்மல்: 10.4 மீட்டர் ஆடி கொண்ட பெருந்தொலைநோக்கி லா பால்மாவில் இருக்கிறது. அது ஸ்பெயின் மண் என்பதை மறக்க வேண்டாம்.

வடக்குவாசல்: லா பால்மா கானரித் தீவுகளில் ஒன்று. கானரிக்காரர்களும் 'சியெலோ' என்றே சொல்கிறார்கள், ஐயா.

கதிர்_மதுரை: நான் எழுதியது: 'லா பிளானெதா மார்தே எஸ் ரோஹா.' செவ்வாய்க் கோள் சிவப்பு என்று சொல்ல நினைத்தேன்.

நிலாமுற்றம்: இதைத்தான் முதலிலேயே கேட்டேன். 'எல் பிளானெதா மார்தே எஸ் ரோஹோ.' பிளானெதா ஆண்பால் என்பதால் முன்னால் 'எல்' வரும், நிறச்சொல்லும் 'ரோஹோ' ஆகும். தியெர்ரா (பூமி), லூனா (நிலா), எஸ்த்ரெயா (விண்மீன்) மூன்றும் பெண்பால், அவற்றுக்கு 'லா'. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் 'எல்', 'லா' சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

தூண்டில்: ஹூபிதெருக்குக் கோடு?

கதிர்_மதுரை: தேர்வு முடிந்தது. வால்மீனுக்கும் 'எல்' போட்டேன். நன்றி.