பங்காளிகள் குரூப் மெயிலில் பேச்சு தடிக்கிறது, என்ன செய்யலாம்?

முகப்புத்திண்ணை:
கானாடுகாத்தானில் பொது வீடு. பங்காளிகள் காரைக்குடி, சென்னை, கோலாலம்பூர், கலிபோர்னியா என்று சிதறிக் கிடக்கிறோம். வளவுக்கு (நடு முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு) மேலே ஓடு மாற்ற வேண்டும். கூகுள் குரூப்ஸில்தான் பேச்சு. "கணக்கே சரியில்லை" என்று ஒருவர் எழுதினால் போதும், ஓட்டை விட்டுவிட்டு, போன படைப்புக்கு (முன்னோருக்குப் பங்காளிகள் கூடிப் படைக்கும் சடங்குக்கு) யார் வரவில்லை என்பது வரை போய்விடுகிறது. வாட்ஸப்புக்கு மாறலாம் என்கிறார்கள். சரிப்படுமா?

ரெண்டாங்கட்டு:
வேண்டாம் அண்ணே. வாட்ஸப்பில் பதில் இன்னும் சூடாக வரும். ஆறு மாதம் கழித்து ரசீதைத் தேடினால் கிடைக்காது.

கோபத்தைவிட மொட்டையான வாக்கியம்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். "கணக்கே சரியில்லை" என்றால் கணக்கு எழுதினவரைத் திருடன் என்றதாகத்தான் படும். அதையே, "14-ஆம் வரிசையில் ஓட்டுக்கு ரூ.48,000 இருக்கிறது, ரசீது காணோம், அனுப்புங்கள்" என்று எழுதினால் பதிலாக ரசீது வரும். கணக்கை வரிசை எண் போட்ட ஷீட்டாக அனுப்புங்கள். எண்ணைச் சொல்லாத கேள்விக்குப் பதில் கிடையாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டலும் வேண்டாம். 2005-ல் உளவியலாளர்கள் க்ரூகர், எப்ளி குழுவினர் செய்த ஆய்வில், தாங்கள் மெயிலில் எழுதியது கிண்டலா நிஜமா என்பதைப் படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் பிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். பிடித்தது 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வருமே!

தேவகோட்டை ஆச்சி:
செட்டிங்கையும் பாருங்கள். குரூப்ஸில் பதில் யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. அதை "எழுதியவருக்கு மட்டும்" என்று வைத்தால் ஆத்திரப் பதில்களில் பாதி சபைக்கே வராது. ஜிமெயிலில் அன்டூ சென்ட் (அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்கும் வசதி) 5 விநாடியில் இருக்கும். 30 ஆக்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் போகாது. ஆகவே சூடான மெயிலை டிராஃப்டில் போட்டுக் காலையில் பாருங்கள். 1995-ல் வந்த இணைய நாகரிக விதிகளே (ஆர்எஃப்சி 1855) ஓர் இரவு பொறுக்கத்தான் சொல்கின்றன.

பிசிசியில் (மற்றவர்களுக்குத் தெரியாமல் போகும் நகலில்) யாரையும் சாட்சிக்கு வைக்காதீர்கள். அவர் "ரிப்ளை ஆல்" அழுத்திவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கொத்தனாருக்கோ இன்ஜினியருக்கோ ஃபார்வர்டு செய்யும்போது அடியில் தொங்கும் பழைய மெயில்களை வெட்டுங்கள். ஓட்டு அளவு கேட்கப் போய்க் குடும்பச் சண்டை முழுவதையும் அவரிடம் கொடுத்தவர்கள் உண்டு.

கணக்குப்பிள்ளை:
ஆச்சி சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பதில், மெயில் எழுதியவருக்கு மட்டும் போனால், சம்மதம் சொன்னது யார் யார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. பிறகு "என்னைக் கேட்கவே இல்லை" என்று கிளம்பும். தகவல் மெயிலுக்கு அது சரி. முடிவெடுக்கும் மெயிலுக்குப் பதில் சபைக்கே வரட்டும். தலைப்பிலேயே "முடிவு", "தகவல்" என்று எழுதிவிடுங்கள். முடிவு மெயிலில் தொகை, பங்குக்கு எவ்வளவு, கடைசித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். கெடு பத்து நாளாவது கொடுங்கள். கலிபோர்னியாக்காரர் தூங்கும் நேரத்தில் நாம் பேசி முடித்துவிட்டு, அவர் வாய் திறக்கவில்லை என்று குறை சொல்லக் கூடாது.

ஒரே இரண்டு பேர் மாறி மாறி இரண்டு தடவை எழுதிவிட்டால் மூன்றாவது போனில்தான். முடிந்ததும் ஒருவர் இரண்டு வரியில் முடிவை மட்டும் சபைக்கு எழுதட்டும்.

முகப்புத்திண்ணை:
மாடரேஷன் (மெயிலை ஒருவர் பார்த்த பிறகே சபைக்கு விடுவது) போடலாமா?

கணக்குப்பிள்ளை:
எல்லாருக்கும் போட்டால் வேலை நின்றுவிடும். ஓயாமல் வம்பு வளர்ப்பவரின் மெயில்களை மட்டும் நிறுத்திப் பார்த்து அனுப்ப குரூப்ஸில் வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சாவி கணக்குப் பார்ப்பவர் கையில் இருக்கக் கூடாது. பங்கில்லாத மாப்பிள்ளை யாராவது பொறுமைசாலியாக இருந்தால் அவரிடம் கொடுங்கள்.